கிந்தா பள்ளத்தாக்கின் தனிக்குன்றுகள்: லகாட்டிலிருந்து ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

பேரா மாநிலத்தின் ஈப்போ நகரிலிருந்து தென்மேற்கே மெங்லெம்புவைக் கடந்து சுமார் 10 கிலோமீட்டர் சென்றால் லகாட் என்னும் சிற்றூரை அடையலாம். ஊரின் மேற்கே கிளேடாங் மலைத்தொடர் கரும்பச்சைச் சுவர்போல் நிற்கிறது. கிழக்கே நோக்கினால் காட்சி வேறு. தட்டையான நிலப்பரப்பு நெடுந்தொலைவு விரிகிறது. அதற்கு அப்பால், ஒன்றோடொன்று தொடர்பில்லாதவைபோல், வெண்சாம்பல் நிறச் செங்குத்துப் பாறைகளைத் தாங்கிய குன்றுகள் தனித்தனியே எழுகின்றன. அவற்றுக்கும் பின்னால் தித்திவங்சா மலைத்தொடர் நீலக் கோடாகத் தெரிகிறது.

மலைத்தொடர்களை நாம் எளிதில் புரிந்துகொள்கிறோம். அவற்றுக்குத் தொடக்கமும் முடிவும் திசையும் உண்டு. ஆனால் சமவெளியின் நடுவே அடிவாரச் சரிவுகூட இன்றித் தனித்து நிற்கும் குன்று விளக்கத்தை வேண்டி நிற்பது. அது எங்கிருந்து வந்தது? சுற்றியிருந்தவை எங்கே போயின? இவ்வினாக்களுக்கு நிலவியல் விடை தந்துவிட்டது. அவ்விடையோடு சேர்த்துக் கேட்கப்படாத இன்னொரு வினாவும் உண்டு. இக்குன்றுகளின் அடியில் வாழ்ந்த தமிழர்களின் வரலாறு எந்த ஏட்டில் பதிவாகியுள்ளது?

மலேசியத் தமிழர் வரலாறு பெரும்பாலும் தோட்டங்களின் வரலாறாகவே எழுதப்பட்டு வருகிறது. கிந்தா பள்ளத்தாக்கின் வரலாறோ ஈயச் சுரங்கங்களின் வரலாறாக, அதனால் பெரிதும் சீனர் உழைப்பின் வரலாறாக எழுதப்படுகிறது. தோட்டத்திற்கும் சுரங்கத்திற்கும் இடையில் குன்றின் அடிவாரம் என்ற மூன்றாவது களம் ஒன்று இருந்தது. அக்களத்தை இனங்காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். அதற்கு முதலில் நிலத்தைப் படிக்க வேண்டும்.

நிலத்தின் பிறப்பு

கிந்தா பள்ளத்தாக்கு வடக்கே குறுகித் தெற்கே விரிந்து செல்லும் நிலம். கிழக்கே தித்திவங்சாவும் மேற்கே கிளேடாங்கும் அதன் எல்லைகள். தஞ்சோங் ரம்புத்தானுக்குக் கிழக்கே உயர்ந்து நிற்கும் கோர்பு சிகரம் 2,183 மீட்டர் உயரமுடையது. இருபுறத்து மலைத்தொடர்களும் கருங்கல்லால் ஆனவை. ஆனால் இரண்டுக்கும் இடைப்பட்ட தரையின் அடிப்பாறை கருங்கல் அன்று, சுண்ணாம்புக்கல்.

இச்சுண்ணாம்புக்கல் ஒரு பழங்கடலின் அடியில் உருவானது. ஏறத்தாழ 40 கோடி ஆண்டுகளுக்கும் 25 கோடி ஆண்டுகளுக்கும் இடைப்பட்ட நெடுங்காலத்தில், கடல்வாழ் உயிர்களின் ஓடுகளும் சுண்ணாம்புச் சேறும் அடுக்கடுக்காகப் படிந்து பாறையாக இறுகின. அதன்பின், சுமார் 20 கோடி ஆண்டுகளுக்கு முன், பூமியின் அடியிலிருந்து உருகிய பாறைக்குழம்பு மேலெழுந்து இப்படிவுகளுக்குள் புகுந்தது. மெல்லக் குளிர்ந்து இறுகிய அக்குழம்பே இன்று இருபுறமும் நிற்கும் கருங்கல் மலைகள். அதன் வெப்பத்தால் சுண்ணாம்புக்கல் பல இடங்களில் சலவைக்கல்லாக உருமாறியது. ஈப்போவின் சலவைக்கல் பெயர்பெற்றதற்கும், ஈயம் இங்குக் குவிந்ததற்கும் காரணம் ஒன்றே. குளிர்ந்துகொண்டிருந்த கருங்கல்லிலிருந்து வெளியேறிய வெந்நீர்க் கரைசல்கள் ஈயத் தாதுவைப் பாறைப் பிளவுகளில் விட்டுச் சென்றன.

மேலே இருந்த பாறைகள் கோடிக்கணக்கான ஆண்டுகள் மழையாலும் வெயிலாலும் தேய்ந்தபின் சுண்ணாம்புக்கல் வெளிப்பட்டது. வெப்பமண்டல மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு மென்மையான அமிலமாகிறது. அவ்வமிலம் கருங்கல்லைவிட மிக எளிதாகச் சுண்ணாம்புக்கல்லைக் கரைக்கும். பாறையில் பிளவுகள் நெருங்கியிருந்த இடங்கள் விரைவில் கரைந்து தாழ்ந்தன. பிளவுகள் அருகியிருந்த இடங்கள் எஞ்சின. அவ்வாறு எஞ்சியவையே இன்று நாம் காணும் குன்றுகள். பள்ளத்தாக்கில் நாற்பதுக்கும் மேற்பட்ட குன்றுகள் உள்ளன. நிலவியலார் இவ்வகை நிலத்தோற்றத்தைக் கோபுரக் கார்ஸ்ட் என்று அழைப்பர். தென்சீனத்தின் குவெய்லின், வியட்நாமின் ஹாலோங் விரிகுடா ஆகியவற்றின் புகழ்பெற்ற குன்றுகளும் இவ்வினத்தைச் சேர்ந்தவையே.

இக்குன்றுகள் செங்குத்தாக நிற்பதற்கும் காரணம் உண்டு. சமவெளியின் ஈரமண் குன்றின் அடியை இடைவிடாமல் நனைத்துக் கரைக்கிறது. அடி உள்வாங்கும்போது மேற்பாறை ஆதரவிழந்து பிளவு வழியே பெயர்ந்து விழுகிறது. எனவே குன்றின் முகம் சரிவாகாமல் சுவராகவே நிற்கிறது. சுருங்கக் கூறின், கிந்தா குன்றின் அழகும் அதன் அபாயமும் ஒரே செயலின் இரு விளைவுகள். இக்கருத்து கட்டுரையின் பிற்பகுதியில் மீண்டும் தேவைப்படும்.

இருவகைக் குன்றுகள்

தனிக்குன்று தமிழருக்குப் புதியதன்று. திருச்சிராப்பள்ளி மலைக்கோட்டை, நாமக்கல், திண்டுக்கல், சங்ககிரி, திருப்பரங்குன்றம் என்று தமிழ்நாட்டின் சமவெளிகளில் தனித்து நிற்கும் குன்றுகள் பல. அவற்றைச் சுற்றியே ஊர்களும் கோட்டைகளும் கோயில்களும் எழுந்தன. குன்று, மலை, வரை, பாறை, கல் என்று வேறுபடுத்திச் சொல்ல நம் மொழியில் சொற்கள் உள்ளன. ஆற்றுப்படை வீடுகளை எண்ணும் மரபில் குன்றுதோறாடல் என்பதையும் ஒன்றாகச் சேர்த்தவர்கள் நாம். தனித்த குன்றைக் கண்டால் அங்கே முருகன் இருப்பான் என்பது தமிழரின் நெடுநாள் நம்பிக்கை.

ஆயினும் தமிழ்நாட்டுக் குன்றுகளுக்கும் கிந்தா குன்றுகளுக்கும் பிறப்பில் பெரிய வேற்றுமை உண்டு. தமிழ்நாட்டுக் குன்றுகள் பூமியின் மிகப் பழைய பாறைகளுள் சிலவற்றால் ஆனவை. அவை கடினத்தால் எஞ்சியவை. சுற்றியிருந்த பாறை உதிர்ந்து மண்ணாகிப் போக, உறுதியான பகுதி நின்றது. அவற்றின் முகம் பெரும்பாலும் உருண்டது, உள்ளே திண்மையானது. குகைகள் இருந்தால் பாறைகளுக்கு இடையிலான ஒதுக்கிடங்களாகவோ மனிதர் குடைந்தவையாகவோ இருக்கும். கிந்தா குன்றுகளோ கரைதலின் எச்சங்கள். அவற்றின் உள்ளே நீர் செதுக்கிய குகைகள் பல நிலைகளில் அமைந்துள்ளன. ஆறுகள் ஓடுகின்றன. கோப்பெங்கிற்குத் தெற்கே உள்ள தெம்புரோங் குகை தீபகற்ப மலேசியாவின் பெருங்குகைகளுள் ஒன்று.

தமிழ்நாட்டிலிருந்து வந்த உழைப்பாளி தான் பிறந்த ஊரின் குன்றை ஒத்த ஒன்றை இங்கே கண்டார். ஒப்புமை கண்ணுக்கு உண்மையானது, பாறைக்கு உண்மையானதன்று. ஊரில் குன்றடியில் குடியிருப்பது தலைமுறை தலைமுறையாகப் பழகிய வாழ்வு. அதே வழக்கம் இங்கே வேறொரு பாறையின் அடியில் தொடர்ந்தது.

ஈயமும் சுண்ணாம்புக்கல்லும்

கிந்தாவின் ஈயம் மலைகளில் தோன்றிச் சமவெளியில் சேர்ந்தது. கருங்கல் மலைகள் தேய்ந்தபோது அவற்றின் பிளவுகளில் இருந்த தாது மணலோடும் களிமண்ணோடும் ஆறுகளால் அடித்துவரப்பட்டது. பள்ளத்தாக்கின் தரையில் வண்டலுக்கு அடியில் மறைந்துள்ள சுண்ணாம்புக்கல் சமமானது அன்று. அது கூரிய முனைகளும் ஆழ்ந்த பள்ளங்களும் நிறைந்தது. எடைமிகுந்த ஈயத் தாது அப்பள்ளங்களில் சிக்கித் தங்கியது. சுரங்கத்தில் ஈயமணலைக் கழுவும் பாலோங் என்னும் நீண்ட மரவாய்க்காலில், குறுக்குச் சட்டங்கள் எவ்வாறு தாதுவைத் தடுத்து நிறுத்துமோ, அவ்வாறே இயற்கையின் சுண்ணாம்புக்கல் முனைகளும் செயற்பட்டன.

இந்த நிலவியல் உண்மையை லகாட்டைப்போல் தெளிவாகக் காட்டும் இடங்கள் குறைவு. லகாட்டில் சுண்ணாம்புக்கல் தலைக்குமேல் எழவில்லை, காலுக்குக் கீழே இருக்கிறது. அச்சுண்ணாம்புக்கல்லில் குழாய்போல் ஆழ இறங்கிய ஈயத் தாதுத் திரள் ஒன்று இங்கே கண்டறியப்பட்டது. அதனை ஆராய்ந்தவர் ஜே. பி. ஸ்கிரிவெனர். அவர் 1903இல் கூட்டு மலாய் மாநிலங்களின் முதல் அரசு நிலவியலாளராகப் பொறுப்பேற்றவர். பத்து காஜாவைத் தலைமையிடமாகக் கொண்டு பணிபுரிந்த அவர், 1909இல் லகாட் குழாய்த் தாதுவைப் பற்றி லண்டன் நிலவியல் கழகத்தின் ஏட்டில் எழுதினார். இவ்வாறு, ஈப்போவை அடுத்த ஒரு சிற்றூரின் பெயர் உலக நிலவியல் இலக்கியத்தில் இடம்பெற்றது.

லகாட்டின் இக்கதை தனித்த ஒன்றன்று. 1874ஆம் ஆண்டு பங்கோர் உடன்படிக்கைக்குப் பின் பேராவில் ஆங்கிலேயர் ஆதிக்கம் நிலைபெற்றது. 1880களில் கிந்தாவை நோக்கி ஈய வேட்டையர் பெருந்திரளாக வந்தனர். பிரெஞ்சுப் பொறியாளரும் பின்னாளில் புகழ்பெற்ற தொல்லியலாளருமான ஜாக் தெ மோர்கன் 1884இல் கிந்தாவில் பயணம் செய்து நிலப்படம் வரைந்தார். 1890களில் இருப்புப்பாதை தெலுக் ஆன்சனிலிருந்து (இன்றைய தெலுக் இந்தான்) ஈப்போவை எட்டியது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் உலக ஈய உற்பத்தியில் ஏறத்தாழப் பாதி மலாயாவிலிருந்து வந்தது. அதில் பெரும்பங்கு கிந்தாவினுடையது. 1910களின் தொடக்கத்தில் பத்து காஜா வட்டாரத்தில் ஈயக்கப்பல் எனப்படும் மிதவைத் தூர்வாரி இயங்கத் தொடங்கியது.

இங்கே குறித்துக்கொள்ள வேண்டியது ஒன்று. ஈயத்தின் காலம் முழுவதும் சுரங்க முதலாளியின் கண் தரையின்மீதே இருந்தது. சமவெளி புரட்டப்பட்டது, ஆறுகள் திருப்பப்பட்டன, மணல்மேடுகளும் ஈயக்குட்டைகளும் பெருகின. தெம்புரோங் போன்ற சில குகைகளுக்குள்ளும் ஈயம் தேடப்பட்டது உண்மையே. ஆயினும் குன்றுகள் பெரும்பாலும் விட்டுவைக்கப்பட்டன. அவற்றைக் காக்க வேண்டும் என்ற எண்ணத்தால் அன்று, அவற்றில் ஈயம் இல்லாததால். பயனற்றவை என்று கருதப்பட்டதே அவற்றுக்குப் பாதுகாப்பாக அமைந்தது.

அடிவாரத்துத் தமிழர்

இந்நிலத்தில் தமிழர் எங்கே வாழ்ந்தனர்? நிலத்தின் அமைப்பே இதற்கு ஓரளவு விடை தருகிறது.

ஈயம் நிறைந்த சமவெளியில் சுரங்கத்திற்கே முன்னுரிமை. சீனர்களின் கொங்சிகளும் பின்னர் ஐரோப்பியக் குழுமங்களும் அங்கே நிலைகொண்டன. இரப்பர் பயிரிட ஏற்ற இடம் சமவெளியின் விளிம்பில், கருங்கல் மலைகளின் சரிவுகளிலும் மேட்டுநிலங்களிலும் கிடைத்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இரப்பர் விலை உயர்ந்தபோது கங்காணிகள் வழியாகத் தமிழ்நாட்டிலிருந்து தொழிலாளர் கொண்டுவரப்பட்டு இத்தோட்டங்களில் குடியமர்த்தப்பட்டனர். பத்து காஜாவை அடுத்த கிந்தா கெல்லாஸ் தோட்டம் இதற்கு நன்கறியப்பட்ட சான்று. அதன் உரிமையாளரான வில்லியம் கெல்லி ஸ்மித் 1915இல் தொடங்கிய மாளிகையைக் கட்டத் தமிழ்நாட்டிலிருந்து தொழிலாளர் வரவழைக்கப்பட்டனர். பெருந்தொற்றுக் காய்ச்சல் பரவித் தொழிலாளர் பலர் மடிந்தபோது, எஞ்சியோரின் வேண்டுகோளை ஏற்று அருகில் மாரியம்மன் கோயில் எழுப்பப்பட்டது. அக்கோயிலின் மேற்புறத்தில் தெய்வ உருவங்களோடு அவரது உருவமும் இடம்பெற்றுள்ளது. 1926இல் அவர் லிஸ்பனில் இறந்ததால் மாளிகை முற்றுப்பெறவில்லை.

தோட்டம் ஒருபுறம் இருக்க, சாலையும் இருப்புப்பாதையும் தமிழர் உழைப்பின் இன்னொரு களமாக விளங்கின. மலாயாவின் பொதுப்பணித் துறையிலும் இரயில்வேயிலும் கூலி வேலை செய்தோரில் பெரும்பாலோர் தென்னிந்தியத் தமிழர்கள். அலுவலகங்களிலும் நிலையங்களிலும் யாழ்ப்பாணத் தமிழர் பலர் பணியாற்றினர். கிந்தாவின் சாலைகளுக்குச் சல்லி இக்குன்றுகளின் கல்லே. குன்றின் அடியில் கல்லை உடைத்தவர், அதை வண்டியில் ஏற்றியவர், சாலையில் பரப்பியவர் என்ற வரிசையில் தமிழர் இருந்தனர். சுரங்க முதலாளிக்குப் பயனற்றதாயிருந்த குன்று சாலைத் தொழிலாளிக்கு நாட்கூலியாக இருந்தது.

நகரத்திலும் இத்தொடர்பைக் காணலாம். ஈப்போவிலிருந்து லகாட்டை நோக்கிச் செல்லும் சாலைக்கு லகாட் சாலை என்றே பெயர். அதன் தொடக்கத்தில் செட்டியார்களின் வட்டிக்கடைகள் இருந்தன. இன்று அது ஈப்போவின் குட்டி இந்தியாவின் ஒரு பகுதி. அதை அடுத்த புந்தோங் வட்டாரம் தமிழர் செறிந்து வாழும் பகுதியாக வளர்ந்தது. ஈயத்தைத் தேடிச் சென்ற சாலையின் வாயிலில் தமிழ்ப் பணமும் தமிழ் உழைப்பும் சந்தித்துக்கொண்டன எனலாம்.

இவற்றோடு குன்றின் பெயரையே தம் பெயராகக் கொண்ட குடியிருப்புகளையும் சேர்த்து எண்ண வேண்டும். குனோங் ராப்பாட் ஒரு குன்றின் பெயர், ஒரு வட்டாரத்தின் பெயர், ஒரு தமிழ்ப்பள்ளியின் பெயரும்கூட. குனோங் என்னும் மலாய்ச் சொல்லுக்கு மலை என்பது பொருள். தம் ஊர்ப்பெயரை ஒவ்வொரு முறை சொல்லும்போதும் அங்குள்ள குழந்தைகள் குன்றையும் சேர்த்தே சொல்கிறார்கள்.

கல்லுமலை

கிந்தா குன்றுகளை மனிதர் நெடுங்காலமாகவே அறிந்திருந்தனர். தம்புன் அருகே பாஞ்சாங் குன்றின் செங்குத்துப் பாறையில் செங்காவி நிறத்தில் வரையப்பட்ட பழங்கால ஓவியங்கள் 1959இல் வெளியுலகுக்குத் தெரியவந்தன. விலங்குகளும் மனித உருவங்களும் அவற்றில் உள்ளன. பிற்காலத்தில் சீனத் துறவிகள் குகைகளில் வழிபாட்டிடங்களை அமைத்தனர். 1926இல் தோற்றுவிக்கப்பட்ட பேரா தோங், ராப்பாட் குன்றின் சாம் போ தோங் ஆகியவை அவற்றுள் குறிப்பிடத்தக்கவை. தமிழர் தங்கள் பங்கிற்குக் குனோங் சீரோவின் அடியில் முருகனைக் கண்டனர். அக்கோயில் கல்லுமலை அருள்மிகு சுப்பிரமணியர் ஆலயம் என்று வழங்குகிறது.

கல்லுமலை என்ற பெயரைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். மலாய்ப் பெயர் இருக்க, அதை மொழிபெயர்க்காமல், கண்ணால் கண்டதைக் கொண்டு தமிழர் தாமே இட்ட பெயர் அது. மண்ணும் மரமும் மூடிய கிளேடாங் மலை அவர்களுக்கு மலை. கல்லாகவே நிற்கும் இது கல்லுமலை. இருவகை மலைகளையும் அவர்கள் பேச்சுத் தமிழிலேயே பிரித்தறிந்துவிட்டனர்.

தைப்பூசத்தின்போது புந்தோங் ஸ்ரீ மகா மாரியம்மன் ஆலயத்திலிருந்து கல்லுமலைக்குச் செல்லும் ஊர்வலத்தையும் இந்நோக்கில் காணலாம். மாரியம்மன் கோயில்கள் பொதுவாகக் குடியிருப்புகளின் கோயில்கள். தோட்டத்து லயங்களைச் சுற்றி அவையே முதலில் எழுந்தன. முருகன் கோயில் குன்றை நாடுவது. குடியிருப்பிலிருந்து குன்றுக்கு என்ற இந்த நடை, சிலாங்கூரின் பத்துமலையில் நிகழ்வதைப் போலவே, ஒரு சமுதாயம் தான் வாழும் நிலத்தைத் தனதாக்கிக்கொள்ளும் முறை. பத்துமலையும் சுண்ணாம்புக்குன்றே. மலேசியத் தமிழரின் இவ்விரு முருகன் தலங்களும் கடலடியில் பிறந்த பாறைகளில் அமைந்திருப்பது நம் கவனத்திற்குரியது.

குன்றின் அடியில் வழிபட்டவர்கள் மட்டுமல்லர், வாழ்ந்தவர்களும் இருந்தனர். நகரத்தில் நிலம் வாங்க வசதியற்றவர்களுக்குக் குன்றின் ஓரம் கிடைத்தது. யாரும் உரிமை கோராத நிலம், நண்பகலுக்குப் பின் நிழல், மாடு கட்ட இடம், பாறைக்கசிவு நீர் ஆகியவை அங்கே இருந்தன. 1973ஆம் ஆண்டு அக்டோபர் 18ஆம் நாள், தீபாவளிக்குச் சில நாள்களே இருந்த நிலையில், குனோங் சீரோவின் செங்குத்து முகத்திலிருந்து பெரும்பாறை ஒன்று பெயர்ந்து அடிவாரத்து நீள்வீட்டின்மீது விழுந்தது. சுமார் 40 பேர் உயிரிழந்தனர். மலேசியாவில் சுண்ணாம்புக்குன்றுப் பாறைச்சரிவுகளில் மிகக் கொடியதாக நிலவியலார் குறிப்பிடுவது இதனையே.

இந்நிகழ்வு நிலவியல் ஏடுகளில் பாறையின் பிளவு, சரிவின் கோணம், அடித்தேய்வு ஆகியவற்றைக் கொண்டு விளக்கப்பட்டுள்ளது. குன்றடியில் கட்டடங்களுக்கு இடைவெளி வேண்டும் என்ற கருத்து வலுப்பெறவும் அது காரணமாயிற்று. அவ்விளக்கம் சரியானதே, ஆனால் போதுமானதன்று. பாறை ஏன் விழுந்தது என்று நிலவியல் கூறும். அதன் அடியில் நாற்பது பேர் ஏன் இருந்தனர் என்பதை வரலாறுதான் கூற வேண்டும். ஈய நிலமும் தோட்ட நிலமும் பிறர் உரிமையில் இருந்தன. நகர நிலம் விலைக்கு அரியது. இவற்றிற்கு இடையே எளியோர்க்கு எஞ்சியது பாறையின் நிழல். முன்னர்க் கூறியதை இங்கே நினைவுகூர வேண்டும். சுவராக நிற்கும் குன்று தன் முகத்தை இடையிடையே உதிர்த்தே சுவராக நிற்கிறது. மனிதர் ஒரு தலைமுறையை நீண்ட காலமாகக் கருதுகின்றனர். பாறைக்கு அது மிகச் சிறிது.

குன்றே கனிமமாதல்

1985ஆம் ஆண்டு அக்டோபர் 24ஆம் நாள் அனைத்துலக ஈய மன்றம் விலையைத் தாங்கிப் பிடிக்க இயலாமல் கைவிட்டது. ஈயத்தின் விலை சரிந்தது. ஏற்கெனவே தாது குறைந்திருந்த கிந்தாவில் சுரங்கங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. 1938இல் கட்டப்பட்ட தஞ்சோங் துவாலாங் ஈயக்கப்பல் 1982லேயே ஓய்ந்துவிட்டது. இன்று அது காட்சிப்பொருள். லகாட், பாப்பான், பூசிங் வட்டாரத்து ஈயக்குட்டைகளில் சில மீன்வளர்ப்புக்கும் சில வீடமைப்புக்கும் இடமாயின. இதே காலப்பகுதியில் இரப்பர்த் தோட்டங்களும் துண்டாடப்பட்டும், செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாற்றப்பட்டும் சுருங்கின. தோட்டத்தை இழந்த தமிழர் குடும்பங்கள் ஈப்போவின் புறநகர்களில் குடியேறின.

தரையில் இருந்த செல்வம் தீர்ந்தபின் பார்வை நிமிர்ந்தது. ஒரு நூற்றாண்டு பயனற்றதாய் நின்ற குன்று இப்போது தானே கனிமமாயிற்று. சிமெண்டு, சலவைக்கல், சாலைச் சல்லி, வண்ணப்பூச்சிலும் தாளிலும் நெகிழியிலும் கலக்கும் சுண்ணாம்புத் தூள் ஆகியவற்றின் தேவை நாடு வளர வளரப் பெருகியது. சிம்பாங் பூலாய், கெராமாட் பூலாய் வட்டாரக் குன்றுகள் பல வெட்டப்பட்டு வருகின்றன. வடக்கே கந்தான் குன்றின் ஒரு பகுதி சிமெண்டுக்காக எடுக்கப்பட்டுவிட்டது. நெடுஞ்சாலையில் தெற்கிலிருந்து ஈப்போவை நெருங்குவோர் பாதி பச்சையாகவும் பாதி வெண்மையாகவும் நிற்கும் குன்றுகளைக் காண்பர். அவ்வெண்மை வெட்டப்பட்ட பாறையின் நிறம்.

ஈயச் சுரங்கம் சமவெளியைக் கெடுத்தது, ஆனால் சமவெளி ஓரளவு மீளும். மணலில் புல் முளைக்கும், குட்டையில் மீன் வளரும். குன்று அவ்வாறு மீளாது. பகாங் மாநிலத்தின் பஞ்சிங் குன்று முற்றிலும் வெட்டியெடுக்கப்பட்டது. அங்கு மட்டுமே வாழ்ந்த ஒரு நுண்ணிய நத்தையினம் உலகிலிருந்தே மறைந்தது. தனிக்குன்று கடல்சூழ்ந்த தீவைப் போன்றது. அதில் வாழும் உயிர்கள் அடுத்த குன்றுக்குச் செல்ல இயலாமல் அங்கேயே தனித்து வளர்ச்சி பெறுகின்றன. கந்தான் குன்றிலிருந்து 2014இல் மட்டும் ஒரு பல்லியினமும் ஒரு நத்தையினமும் அறிவியலுக்குப் புதியனவாக விவரிக்கப்பட்டன. பெயரிடப்படும் முன்பே அழிந்தவை எத்தனை என்று எண்ணுவதற்கு வழியில்லை.

2018இல் கிந்தா பள்ளத்தாக்கு தேசியப் புவிப்பூங்காவாக அறிவிக்கப்பட்டது வரவேற்கத்தக்கது. குகைகள், பாறை ஓவியங்கள், ஈயச் சுரங்க எச்சங்கள் ஆகியவற்றை ஒரே மரபுச் செல்வமாகக் காணும் நோக்கு அதில் உண்டு. ஆயினும் புவிப்பூங்கா என்ற பெயர் ஒவ்வொரு குன்றையும் வெடிமருந்திலிருந்து காப்பதில்லை. எந்தக் குன்று நிற்க வேண்டும், எதை வெட்டலாம் என்று முடிவு செய்யும்போது எடைபோடப்படுவன பாறையின் தரம், உயிரினங்களின் அருமை, சுற்றுலா வருமானம் ஆகியவை. குன்றடியில் வாழ்ந்தோரின் நினைவை எடைபோடும் தராசு ஒன்று இன்னும் அமையவில்லை. நாமும் அதை எழுதி வைக்கவில்லை.

நிறைவாக

கிந்தா பள்ளத்தாக்கில் தமிழரின் வாழ்வு மூன்று பாறைகளின்மேல் அமைந்தது. கருங்கல் மலைகளின் சரிவில் தோட்டமும் மாரியம்மனும், ஈய வண்டலின்மேல் சாலையும் இருப்புப்பாதையும், சுண்ணாம்புக்குன்றின் அடியில் கல்லுடைப்பும் முருகனும் எளியோர் குடியிருப்பும். முதலாவதைப் பற்றி நாம் நிறைய எழுதியுள்ளோம். இரண்டாவதைப் பற்றிச் சிறிது எழுதியுள்ளோம். மூன்றாவதைப் பற்றி எழுதியது மிகக் குறைவு. தோட்டத்திற்குக் கணக்குப் புத்தகம் இருந்தது, இரயில்வேக்குப் பதிவேடு இருந்தது. குன்றடியில் வாழ்ந்தவர்க்கு அத்தகைய ஏடுகள் இல்லை. அவர்களுக்கிருந்த ஆவணம் அக்குன்றும், அதன் பெயரும், அதைச் சுற்றி நடக்கும் திருவிழாவும், முதியோர் நினைவுமே.

எனவே செய்ய வேண்டிய பணி ஒன்று உண்டு. கிந்தாவின் ஒவ்வொரு குன்றையும் எடுத்துக்கொண்டு, அதன் அடியில் இருந்த தமிழ்க் குடியிருப்பு, கோயில், பள்ளி, கல்லுடைப்புத் தளம் ஆகியவற்றைக் களஆய்வின் வழித் தொகுக்க வேண்டும். கல்லுடைத்தோரின் பிள்ளைகள் இன்று முதியவர்கள். 1973ஆம் ஆண்டை நேரில் கண்டவர்களும் அவ்வாறே. நிலவியலாரின் நிலப்படத்தோடு நம் நிலப்படத்தையும் இணைத்து வைத்தால்தான் வெட்டப்படுவது வெறும் கல் அன்று என்பது விளங்கும்.

லகாட்டில் நின்று கிழக்கே நோக்கும்போது தெரியும் குன்றுகள், சுற்றியிருந்தவை கரைந்தபின் எஞ்சியவை. அவற்றின் அடியில் வாழ்ந்தோரின் வரலாற்றுக்கும் இன்று அதே நிலைதான். கரைந்தது போக எஞ்சியிருப்பதையேனும் எழுத்தில் பதிப்பது நம் தலைமுறையின் கடமையாகும்.